எம்பி, நும்பி, தம்பி

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. பறவைகள் பேசின என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அதைக்கூட ஒத்துக்கொள்ளாதவன் இப்படிப்பட்ட கதையைக் கேட்க உட்காரவே கூடாது. ஒரு சொல் உலகத்தை விட்டுப் போவதற்கு ஒரே ஒரு பகல் போதுமா என்பதுதான் என் சந்தேகம். சொற்கள் செருப்பு மாதிரி மெல்லத் தேய்ந்துதான் போகும் என்று நினைத்திருந்தேன். இதை எனக்குச் சொன்ன என் தம்பி அருணகிரி அதை ஒத்துக்கொள்ள மாட்டான். "சொல்லு தேயாது. யாராவது கீழ போட்டாத்தான் போகும்" என்பான். சொல்லும்போதெல்லாம் எதையாவது மாற்றுவான். ஒரு தடவை மரம் வேம்பாக இருக்கும், அடுத்த தடவை இலுப்பையாகிவிடும். அவன் ஒருபோதும் மாற்றாத பகுதிகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில், மனிதர்களுக்கும் பறவைகளுக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, இளைய சகோதரனைச் சொல்ல மூன்று சொற்கள் இருந்தன. எனக்குப் பின் பிறந்தவன் எம்பி. உனக்குப் பின் பிறந்தவன் நும்பி. எங்கோ இருக்கிற வேறொருவருக்குப் பின் பிறந்தவன் தம்பி.

அவை வெறும் பெயர்கள் அல்ல. நாலு பேர் கேட்க ஒருவனைக் காட்டி 'எம்பி' என்று சொல்லிவிட்டால், அவன் பசி உன் பசி. அவன் செய்த தப்பு உன் தப்பு. 'நும்பி' என்று சொன்னால், எதிரில் இருப்பவர் பொறுப்பில் அவனை விட்டுவிட்டதாக அர்த்தம். 'தம்பி'யில் எந்தச் சுமையும் இல்லை. வழியில் போகிறவனைப் பற்றிப் பேசும்போது சொல்லுகிற சொல் அது. ஒருவன்மேல் சபையில் ஒருமுறை வைத்த சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க முடியாது. அப்படித்தான் வழக்கம்.

அப்போது ஓர் ஓடைக்கரையில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. பகலெல்லாம் வேம்பின் அடியில் சருகைப் புரட்டிப் பூச்சி பிடிப்பார்கள். ஒருவர் மட்டும் மேலே உட்கார்ந்து காவல் பார்க்க வேண்டும். சத்தம் போடாமல் அவர்களால் ஒரு எறும்பைக்கூட விழுங்க முடியாது. பொழுது சாய்ந்தால் ஒரே கிளையில் உடம்போடு உடம்பு ஒட்டிக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். நடுவில் கதகதப்பாக இருக்கும். ஓரத்தில் காற்றடிக்கும். ஓரத்து இடம் கடைசியாகப் பிறந்தவருக்கு.

அந்த இடத்தில் வெகுகாலமாக உட்கார்ந்திருந்தவள் மஞ்சி.

அவளுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை. அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு. அண்ணன் முறுக்கனும் அக்கா துடுக்கியும் மற்றவர்களும் அவளைக் காட்டி 'எங்கை' என்பார்கள். எனக்குப் பின் பிறந்தவள் என்று அதற்கு அர்த்தம். அவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர்கள் கழுத்து கொஞ்சம் நிமிரும், அதை அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் மட்டும் யாரும் இல்லை. அம்மா வைத்த முட்டைகளை ஒரு வருடம் பாம்பு குடித்தது. மறு வருடம் காற்றில் கூடே விழுந்தது. எம்பி என்ற சொல்லை மஞ்சி ஒருமுறைகூடப் பிறர் கேட்கச் சொன்னதில்லை. காவல் கிளையில் தனியாக இருக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். கீழே யாராவது நிமிர்ந்து பார்த்தால் இறகைக் கோதுவது போல நடிப்பாள்.

மூன்றாம் வருடம் கிளுவை வேலியில் அம்மா கூடு கட்டினாள். நான்கு முட்டைகள். நான்கும் நல்ல நீலம். ஒன்று மட்டும் சற்றுப் பெரியது. அடைமழை பிடித்ததில் மூன்று முட்டை கூழாகிவிட்டன. பெரியது பொரிந்தது.

குஞ்சு வாயைத் திறந்தால் வாய் மட்டும்தான் தெரியும். அம்மா கொண்டுவருவது அதற்கு ஒரு மூலைக்குக் காணாது. எல்லோரும் கொண்டுவந்து போட்டார்கள். நாலு நாளில் முறுக்கனுக்கு அலுத்துப்போயிற்று, பிறகு மற்றவர்களுக்கும். மஞ்சி மட்டும் விடவில்லை. வெட்டுக்கிளி, கம்பளிப்புழு, கரையான் என்று அலைந்து கொண்டுவந்து போட்டாள். ஒரு மத்தியானம் அவள் அலகில் புழுவோடு வந்து நின்றபோது குஞ்சு முதல்முறையாகப் பேசியது.

"அக்கா."

மஞ்சி புழுவைக் கீழே விட்டுவிட்டாள்.

"என்ன சொன்னே?"

"அக்கா. புழு விழுந்துடுச்சு."

அவள் அவனுக்கு நெடியான் என்று பெயர் வைத்தாள். வளர்த்தி அப்படி. கூட்டை விட்டு வெளியே வருவதற்குள் அவளைவிட அரை மடங்கு பெரியவனாகிவிட்டான். இருந்தும் இறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு அவள் முன்னால் குனிந்து வாயைத் திறப்பான். அவள் கழுத்தை நீட்டி எட்டி ஊட்ட வேண்டியிருக்கும். அதைப் பார்த்தால் துடுக்கிக்கு வாய் சும்மா இருக்காது.

"மஞ்சி, பாத்துடீ. ஒருநாள் புழுவோட சேத்து உன்னையும் முழுங்கிடப் போறான்."

"வளர்ற பிள்ளை. பசிக்கும்."

"வளர்ற பிள்ளையா? இன்னும் ரெண்டு மாசம் போனா நாம எல்லாரும் அவன் முதுகுல ஏறி ஊர் போயிடலாம்."

இதையெல்லாம் மஞ்சி பொறுத்துக்கொண்டாள். அவளுக்குப் பொறுக்காமல் இருந்தது இன்னொன்று. பறக்கத் தொடங்கிய பிள்ளையைக் கிளையின் நடுவில் உட்காரவைத்து, கூட்டத்தில் மூத்தவர் எல்லோரும் ஒவ்வொருவராக 'எம்பி' என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் அவன் வரிசையில் ஒருவன். நெடியான் பறக்கத் தொடங்கி வெகுநாளாகிவிட்டது. மஞ்சி அண்ணனிடம் கேட்டாள்.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றான் முறுக்கன்.

மறுநாள் கேட்டால் மேகமாக இருக்கிறது என்றான். அதற்கு மறுநாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றான். அவன் வாயிலேயே ஒருநாள் வேறு விதமாக வந்துவிட்டது. "மஞ்சி, நும்பி சாப்பிட்டானா?" என்று கேட்டுவிட்டு அவன் சருகைப் புரட்டப் போய்விட்டான். நும்பி. உன்னுடைய பின்னவன். அவனுக்கும் பின்னவன்தானே? மஞ்சிக்கு அன்று முழுக்கக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. காவல் கிளையில் உட்கார்ந்தால் கீழே போகத் தோன்றியது. கீழே போனால் மேலே போகத் தோன்றியது. அவளே சபையில் முதலில் சொல்லிவிட்டால் என்ன? சொல்லி, பின்னால் ஒருவரும் சொல்லாமல் போனால்? அந்தக் கேள்வியை அவள் அலகில் வைத்துக்கொண்டே திரிந்தாள்.

அதற்குள் நெடியானுக்கு முழு இறகும் வந்துவிட்டது. அங்கேதான் வினை. முதுகு சாம்பல். மார்பில் செம்பட்டைக் கோடுகள். வாலில் பட்டை பட்டையாகக் கறுப்பு. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். குருவிக் குஞ்சுகளைத் தூக்கிப் போகிற வல்லூற்றுக்கும் அப்படித்தான் இருக்கும், வரி மாறாமல். பறப்பதும் அது மாதிரியேதான். நாலு தடவை சிறகடித்துவிட்டு, அப்புறம் ஒரே வழுக்கு.

சாயங்காலம் அவன் ஓடைக்கு மேலாக வீட்டுக்கு வரும்போதெல்லாம் காவலில் இருப்பவர் தொண்டை கிழியக் கத்துவார். "வல்லூறு, வல்லூறு." எல்லோரும் இலந்தைப் புதருக்குள் பாய்வார்கள். நெடியானும் கத்திக்கொண்டே அவர்களோடு புதருக்குள் பாய்வான். உள்ளே மஞ்சியை ஒட்டி நின்று நடுங்குவான்.

"எங்கே அக்கா? நான் பாக்கவே இல்லியே. எந்தப் பக்கம் வந்துச்சு?"

"போயிடுச்சுடா" என்பாள் மஞ்சி.

புதருக்குள் துடுக்கிகூட ஒன்றும் சொல்ல மாட்டாள்.

கோடை வந்தது. ஓடையில் ஒரே ஒரு குழியில்தான் தண்ணீர். அந்தக் குழிக்கும் அதைச் சுற்றிய மரங்களுக்கும் கரிச்சான் காவல். வால் பிளந்த, கன்னங்கரிய, சின்ன உடம்பு. கழுகைக்கூடத் துரத்திக்கொண்டுபோய்த் தலையில் கொத்திவிட்டு வருகிறவன். அவன் சொன்னால் ஓடையில் எல்லோரும் கேட்பார்கள், ஏனென்றால் அவன் இருந்ததால்தான் எல்லோரும் இருந்தார்கள்.

ஒருநாள் காலையில் மைனாவின் குஞ்சைக் காணவில்லை. கூட்டின் ஓரத்தில் ரத்தமும் இரண்டு இறகும் கிடந்தன. சாம்பலாக ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாக அணில் சொன்னது. மைனா அழவில்லை. நேராகப் பறந்துபோய்க் கரிச்சான் முன்னால் உட்கார்ந்தது.

வெயில் ஏறுவதற்குள் ஓடையில் இருந்த அத்தனை பேரும் வேம்பைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மஞ்சி தன் கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நெடியான். எதற்குக் கூட்டம் என்று அவனுக்குத் தெரியாது. இத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்ததில் அவனுக்குச் சந்தோஷம். ஒருவேளை இன்றைக்குத்தான் கிளையில் உட்காரவைக்கப் போகிறார்களோ என்று அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

கரிச்சான் எதிர்க் கிளையில் வந்து இறங்கினான்.

"மஞ்சி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கோபமாக் கேக்கலை. நான் கோபப்பட்டா கேள்வி கேக்க மாட்டேன், அது உனக்கும் தெரியும்."

"கேளுங்க."

"உன் பக்கத்துல இருக்கிறவன் யாரு?"

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். முறுக்கன் காலில் எதையோ கொத்திக்கொண்டிருந்தான். துடுக்கி இலந்தைப் புதரில் இருந்த தன் கூட்டைப் பார்த்தாள். அதில் பொரியப் போகிற முட்டைகள் இருந்தன.

"மைனாம்மா சொல்றதை நான் அப்படியே நம்பிடலை" என்றான் கரிச்சான். "ஆனா அவங்க பிள்ளை போயிடுச்சு. எனக்கு ஒரு பதில் வேணும். எம்பின்னு சொல்லு, சரி. அவன் செஞ்சது உங்க கூட்டத்தோட தப்பு, எல்லாரும் இந்தத் தண்ணியை விட்டுக் கிளம்பணும். நும்பின்னு சொல்லு, அவன் என் பொறுப்பு. அப்புறம் நான் பாத்துக்கிறேன்."

பாத்துக்கிறேன் என்றால் என்ன என்று ஓடையில் எல்லோருக்கும் தெரியும். நெடியானுக்கு மட்டும் தெரியாது.

கோடையில் தண்ணீரை விட்டுக் கிளம்பினால் அம்மா அடுத்த ஓடைவரைகூடப் போய்ச் சேர மாட்டாள். துடுக்கியின் முட்டைகள் வெயிலில் வெந்துவிடும். மஞ்சிக்கு இதெல்லாம் தனித்தனியாகத் தோன்றவில்லை. எல்லாம் ஒரேயடியாக வந்து நின்றன. பக்கத்தில் நெடியான் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான். வெகுகாலமாக அவள் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல், இத்தனை பேர் கேட்கச் சொல்ல வேண்டிய நேரம்.

"மஞ்சி" என்றான் கரிச்சான்.

அவள் வாயைத் திறந்தாள். "தம்பி" என்றாள்.

வாய் குழறிவிட்டது என்பதுதான் கதை. எம்பி என்று தொடங்கியதாகவும், காய்ந்த நாக்கு பல்லில்லாத அலகில் ஒட்டிப் பிரிந்த ஓசையில் அது அப்படி விழுந்துவிட்டதாகவும் சொல்வார்கள். எப்படி விழுந்தால் என்ன, விழுந்துவிட்டது. அவளுடையவனும் இல்லை, கேட்டவனுடையவனும் இல்லை. யாரோ ஒருவருடையவன்.

முறுக்கன் மூச்சு விட்டது கேட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தம்பி" என்று கரிச்சான் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "சரி. எங்கேயோ இருக்கிறவங்களோட ஆளு. அப்ப அவங்ககிட்டேயே போகட்டும். பொழுது சாயறதுக்குள்ள."

நெடியான் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும், அக்கா அவரைப் பற்றித்தான் சொல்கிறாள் என்றும் நினைத்தான். பின்னால் வெறும் கிளை.

"அக்கா, யாரோட தம்பி?"

மஞ்சி தன் காலடிக் கிளையைப் பார்த்தாள்.

"யாரைச் சொன்னே, அக்கா? இங்க வேற யாரும் இல்லியே."

"போடா" என்றாள் துடுக்கி. அவள் குரலில் கேலி இல்லை. "இருட்டறதுக்குள்ள போயிடு சாமி."

அவன் போனான். ஓடைக்கு மேலே பறந்து, மேற்கே குன்றுப் பக்கம் திரும்பினான். வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனான். முதலில் வழக்கமான குரலில்தான் அக்கா என்றான். பதில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான். அப்புறம் இன்னும் உரக்க. அக்கா, அக்கா, அக்கா என்று ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி மேலே ஏறியது. ஏறி ஏறி, இனிமேல் ஏற முடியாத இடத்தில் போய் உடைந்தது. சற்று மௌனம். மறுபடியும் கீழேயிருந்து தொடங்கினான்.

மஞ்சி அன்று கிளையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் இடம் கொடுத்தார்கள். அவள் போகவில்லை.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது வல்லூறு வந்தது, நிஜமான வல்லூறு. மைனாவின் இன்னொரு குஞ்சைக் குறிவைத்துச் சாம்பலாக வழுக்கிக்கொண்டு வந்தது. காவலில் இருந்தவர் கத்தவில்லை. அதுவரை கத்தியதெல்லாம் வீணாகப் போயிருந்ததால், நெடியான்தான் திரும்பி வருகிறான் என்று நினைத்துவிட்டார். கரிச்சான்தான் பார்த்துப் பாய்ந்தான். குன்று தாண்டும்வரை அதைத் துரத்தித் தலையில் கொத்தினான். திரும்பி வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் மஞ்சியின் முன்னால் இறங்கினான்.

"பிள்ளையைத் தூக்கினது அதுதான்" என்றான். "நான் தப்பாக் கேட்டுட்டேன்."

"அப்ப அவனைக் கூப்பிடலாமா?"

"கூப்பிடு. தண்ணி அவனுக்கும்தான்."

"எம்பின்னு கூப்பிடலாமா?"

கரிச்சான் சிறகை ஒடுக்கினான். "கேள்வி என்னோடது. அதை நான் திரும்ப எடுத்துக்கிட்டேன். சொல்லு உன்னோடது மஞ்சி. சபையில வெச்ச சொல்லை மாத்த யாருக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை."

அவள் குன்றுக்குப் பறந்தாள். தவிட்டுக்குருவிக்கு நீளப் பறக்க வராது. புதருக்குப் புதர் தத்தித் தத்திப் போனாள். ஒரு பாறையின் உச்சியில் நின்று கூப்பிட வாயெடுத்தாள். எம்பி என்ற சொல் வரவில்லை. வந்தாலும் அது இனி அவனைத் தொடாது. அவன்மேல் இருக்கும் சொல் தம்பி. அதை எடுக்க முடியாது. எடுக்க முடியாதென்றால், அதோடு எதையாவது சேர்க்கலாமா? சேர்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பாறைமேல் அங்கும் இங்கும் நடந்தாள். பிறகு அந்தச் சொல்லுக்கு முன்னால், பிய்ந்த கூட்டில் ஒரு நாரைச் செருகுவது மாதிரி, வேறொரு சிறு சொல்லைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என் தம்பி" என்று கூப்பிட்டாள். "என் தம்பி. என் தம்பி."

அப்படி ஒரு பேச்சு அதற்குமுன் உலகத்தில் கிடையாது. என் யாரோ ஒருவருடைய பின்னவனே என்று அதற்கு அர்த்தம். கீழே மேய்ந்துகொண்டிருந்த காடை அதைக் கேட்டுச் சிரித்தது. மஞ்சி அதைக் காதில் வாங்கவில்லை. மேற்கே எங்கோ தூரத்தில் அவன் குரல் படி படியாக ஏறி உடைவது கேட்டது. அது உடைந்த இடைவெளியில் அவள் தன் குரலைச் செருகினாள். அவன் மறுபடி கீழேயிருந்து தொடங்கினான். அவள் காத்திருந்தாள். இருட்டும்வரை அவர்கள் இருவரும் அப்படியே செய்தார்கள். மறுநாளும் அவள் போனாள். அதற்கு மறுநாளும்.

ஓடையில் இருந்தவர்களுக்கும் இளையவர்கள் இருந்தார்கள். ஆனால் மஞ்சி எதிரில் எம்பி என்று சொல்ல அவர்களுக்குக் கூசியது. பட்டினி கிடப்பவள் முன்னால் சாப்பிடுவது மாதிரி இருந்தது. அவளுக்காக அவர்களும் என் தம்பி என்றே சொன்னார்கள். அவள் எதிரில் சொல்லாமல் விட்ட சொல், நாளாக ஆக அவள் இல்லாத இடத்திலும் வாயில் வராமல் போயிற்று. குஞ்சுகள் கேட்டதைத்தான் கற்றுக்கொண்டன. தண்ணீர் எடுக்க வந்த மனிதர்களும் அப்படியே கற்றுக்கொண்டார்கள். நும்பியும் பின்னாலேயே போய்விட்டது. ஒப்படைப்பதற்கு யாருக்கும் மனம் வரவில்லை.

அன்று முதல்தான் நாம் நம்மோடு பிறந்தவனை முதலில் யாரோ ஒருவருடையவன் என்று சொல்லி, முன்னால் ஒரு 'என்' வைத்து ஒட்டிக்கொள்கிறோம். அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் தம் கூட்டில் கிடக்கும் நீல முட்டை யாருடையது என்று கேட்பதில்லை. பொரிந்து வாயைத் திறந்தால் ஊட்டுகின்றன. நெடியானின் வழிவந்த பறவையை அக்காக் குயில் என்கிறோம். கோடையில் அது குரல் ஏற ஏறக் கூப்பிட்டு, உச்சியில் உடைந்து, மறுபடி கீழேயிருந்து தொடங்குவதும் அன்று முதல்தான்.

போன சித்திரையில் அருணகிரி வந்திருந்தபோது அக்காக் குயில் கத்திக்கொண்டிருந்தது. அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனான். சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். இத்தனை வருடம் நான் கேட்காமல் வைத்திருந்ததை அவன் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"அவ பாறைமேல நின்னு அத்தனை நாள் கூப்பிட்டாளே, அது ஒருதடவையாவது அவன் காதுல விழுந்துச்சா?"